எண்பது சதவீதத் தள்ளுபடி… எதிலிருந்து?

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த யாரிடமாவது ஒரு டி-ஷர்ட்டை நீட்டிப் பாருங்கள். விலையைக் கேட்க மாட்டார். முதலில் உள்பக்கத்தை வெளியே திருப்புவார். பக்கவாட்டுத் தையலை இரண்டு கட்டைவிரலாலும் பிரித்து இழுப்பார். கழுத்து ரிப்பை இழுத்து விட்டு, அது பழையபடி சுருங்குகிறதா என்று பார்ப்பார். துணியை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். கடைசியில் விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துக்கொண்டே, “ஒன் எய்ட்டி இருக்குமுங்க” என்பார். அவர் சொன்னது விலை அல்ல, துணியின் எடை.

இவ்வளவில் ஒன்றைக்கூடச் செல்போன் திரையில் செய்ய முடியாது. திரையில் இருப்பது ஒரு படம், கோடு போட்டு அடித்த ஒரு விலை, அடிக்காத இன்னொரு விலை. 1,999 ரூபாய் அடிபட்டுக் கிடக்கும். கீழே 349. பக்கத்தில் பச்சை எழுத்தில் ‘82% தள்ளுபடி’. அதற்கும் கீழே ‘திருப்பூர் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்’. இந்த ஊரின் பெயரைச் சொன்னால் துணி விற்கும் என்பது நாட்டுக்கே தெரிந்துவிட்டது. யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் இந்த ஊரைச் சொல்லி விற்கப்படும் எல்லாமே இந்த ஊரில் தைத்ததா, ஏற்றுமதிக்குத் தைத்ததா, மிஞ்சிப்போனதா என்பதுதான் கேள்வி.

முதலில் அந்த 1,999-ஐப் பார்த்துவிடுவோம். எம்.ஆர்.பி. என்பது ‘இதற்கு மேல் விற்கக் கூடாது’ என்ற உச்ச விலை. தயாரிப்புச் செலவுக்கும் அதற்கும் இவ்வளவுதான் இடைவெளி இருக்கலாம் என்று துணிமணிக்கு எந்தச் சட்டமும் வரம்பு கட்டவில்லை. 349-க்கு விற்பதென்று முடிவு செய்த பிறகு 1,999 என்று அட்டை அடித்துக்கொள்ளலாம், மனசிருந்தால் 2,999. அதுவும் ஏற்றுமதிக்கென்று தைத்த உருப்படியில் இந்திய ரூபாய் விலைக்கு வேலையே இல்லை. விலைச் சீட்டு இருந்தால் அதில் யூரோவோ டாலரோ பவுண்டோ இருக்கும். ரூபாய் அட்டை, சரக்கு உள்ளூர்ச் சந்தைக்கு வந்த பிறகு தொங்கவிட்டது. பல நேரம் தள்ளுபடி கொடுப்பவரே தொங்கவிட்டது. ஆகவே சதவீதத்தை வைத்துத் தரத்தைப் பற்றி எதுவுமே சொல்ல முடியாது. கேட்க வேண்டியது, இந்த உருப்படி எதனால் மலிந்தது என்பது. அதற்கு நேர்மையான பதில் இருந்தால் 150 ரூபாய் டி-ஷர்ட்டும் நல்ல சரக்கு. பதில் இல்லையென்றால் 700 ரூபாய்க்கு வாங்கியதும் ஏமாற்றுத்தான்.

நிஜமான மிச்சம் எப்படி உண்டாகிறது?

உள்ளூருக்கு வெள்ளைப் பனியன் தைத்துக்கொண்டிருந்த ஊருக்கு, 1978-இல் மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் வந்தார் என்பது திருப்பூர்க்காரர்கள் அடிக்கடி சொல்லும் வரலாறு. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஊர் ஏற்றுமதிக்கு மாறியது. 1990-இல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் உருவானது. ஏற்றுமதி வந்த அன்றே மிச்சமும் வந்துவிட்டது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள காதர்பேட்டை, அந்த மிச்சத்தை வாங்கி விற்கும் சந்தையாக வளர்ந்தது.

பத்தாயிரம் பீஸுக்கு ஆர்டர் என்றால் எந்தக் கட்டிங் மாஸ்டரும் சரியாகப் பத்தாயிரம் வெட்ட மாட்டார். சாயத்தில், பிரிண்டிங்கில், பவர் டேபிள் தையலில் எங்காவது டேமேஜ் விழும் என்று நூற்றுக்கு மூன்றோ ஐந்தோ சேர்த்துத்தான் வெட்டுவார். வேலை சுத்தமாக முடிந்தால் அந்த அதிகப்படி பீஸ்கள் மூட்டையில் நிற்கும். பையருக்கு, அதாவது ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு நிறுவனத்துக்கு, போன அதே துணி, அதே தையல். இதுதான் அசல் சர்ப்ளஸ். அளவில் சிறியது.

பெரிய மூட்டைகள் வருவது வேறு வழியாக. கப்பல் தேதி தவறிய ஆர்டர், பையர் திவாலான ஆர்டர், இன்ஸ்பெக்ஷனில் விழுந்த ஆர்டர். இந்தக் கடைசி வகையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 3,201 முதல் 10,000 பீஸ் வரையுள்ள ஒரு லாட்டில் வழக்கமான சோதனை அளவின்படி 200 பீஸை உருவுவார்கள். ஏ.க்யூ.எல்., அதாவது ஏற்கத்தக்க தர வரம்பு, 2.5 என்று பேசியிருந்தால் பெரிய குறையுள்ளவை 10 வரை இருக்கலாம், லாட் பாஸ். 11 ஆகிவிட்டால் ஃபெயில். கம்பெனி மொத்த லாட்டையும் பிரித்து மறுபடி செக்கிங் போட வேண்டும். அதற்குள் கப்பல் போய்விட்டால் சரக்கு உள்ளூரில்தான் விழும். கணக்கைக் கவனியுங்கள். 200-இல் 11 கெட்டதென்றால் மீதி 189 நல்லது. பையர் தள்ளிய லாட்டிலும் பெரும்பாலான பீஸ்கள் பழுதில்லாதவை. அதனால்தான் காதர்பேட்டையில் விவரம் தெரிந்தவர்கள் ‘ரிஜெக்ட்’ என்ற சொல்லைக் கேட்டு ஓடுவதில்லை. எதற்காக ரிஜெக்ட் ஆனது என்று கேட்பார்கள். ஷேடு மாறியதற்கா, அளவு அரை அங்குலம் குறைந்ததற்கா, துணியில் ஓட்டைக்கா? முதலிரண்டோடு காலம் தள்ளலாம். நீடில் கட், அதாவது ஊசி குத்தி இழை அறுந்த பொடி ஓட்டை, துவைக்கத் துவைக்கப் பெரிதாகும்.

கடையில் இந்தப் பேச்சு இப்படித்தான் தொடங்கும்: “அண்ணா, இது லாட்டுங்களா, மிக்ஸுங்களா?” லாட் என்றால் ஒரே ஆர்டரின் சரக்கு. மிக்ஸ் என்றால் நாலு இடத்து மிச்சமும் பழுதுள்ள செகண்ட்ஸும் கலந்து கட்டிய மூட்டை. மிக்ஸுக்கு ஒரு விலை, லாட்டுக்கு ஒரு விலை. கேட்டால் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்வார்கள், ஏனென்றால் நாளைக்கும் அதே ஆள் அதே கடைக்கு வர வேண்டும். ஆன்லைனில் அந்த ‘நாளைக்கு’ கிடையாது. விற்பவர் பெயர் மாற்றிப் புதுக் கணக்கு தொடங்க ஒரு மாலைப்பொழுது போதும்.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50% வரி போட்டபோது, ஆர்டர் நிற்பதும் தள்ளிப்போவதும் திருப்பூரின் அன்றாடச் செய்தியாக இருந்தது. ‘அமெரிக்கா கேன்சல் ஆர்டர்’ என்று விளம்பரம் எழுத இதைவிட நல்ல தருணம் யாருக்கும் வாய்க்காது. கேன்சல் ஆனவை உண்டு. ஆனால் கேன்சல் என்று சொல்லப்படுபவற்றுக்கு அளவே இல்லை.

எல்லா சைஸும் இருந்தால் அது மிச்சமில்லை

ஆன்லைனில் பொய்யைப் பிடிக்க மிக எளிய வழி, சரக்கைப் பார்ப்பதைவிட இருப்பைப் பார்ப்பது. உண்மையான சர்ப்ளஸில் சைஸ் ரேஷியோ உடைந்திருக்கும். எஸ் சைஸ் அறுபது இருக்கும், எல் மூன்றே இருக்கும், எக்ஸ்.எல். இருக்கவே இருக்காது. நீலம் இருந்தால் கறுப்பு இருக்காது. தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஒரே டிசைன், எட்டு நிறம், எஸ் முதல் டபுள் எக்ஸ்.எல். வரை, தீபாவளிக்கும் உண்டு, பொங்கலுக்கும் உண்டு என்றால் அது மிச்சம் அல்ல. மாதாமாதம் வெட்டித் தைக்கிற ரன்னிங் ஐட்டம். ரன்னிங் ஐட்டம் மட்டம் என்று சொல்லவில்லை. உள்ளூருக்கென்றே நல்ல துணியில் தைத்து 250 ரூபாய்க்கு நேர்மையாக விற்பவர்கள் திருப்பூரில் நிறைய இருக்கிறார்கள். ‘சர்ப்ளஸ்’ என்று சொல்லத் தொடங்கும்போது அந்த நேர்மை போகிறது.

இரண்டாவது, லேபிள். பையருக்கும் கம்பெனிக்கும் உள்ள ஒப்பந்தத்தில், மிச்சச் சரக்கை விற்பதானால் பிராண்டு லேபிளை நீக்க வேண்டும் என்ற நிபந்தனை சாதாரணம். அதனால் நேர்வழியில் வெளியே வந்த உருப்படியில் கழுத்து லேபிளைப் பாதியாகக் கத்தரித்திருப்பார்கள், அல்லது பெயர்மேல் மை பூசியிருப்பார்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் அந்த அசிங்கம்தான் சாட்சி. உலகப் புகழ் பிராண்டின் லேபிள் பளபளவென்று, தொங்கு அட்டையோடு, பிளாஸ்டிக் பின்னோடு, 399 ரூபாய்க்கு வந்தால் ஒன்று திருட்டுச் சரக்கு, இல்லை போலி. போலிக்கே வாய்ப்பு அதிகம். லேபிள் நெய்வதும் அட்டை அடிப்பதும் இந்த ஊரில் ஒரு தனித் தொழில். அச்சு நன்றாக இருப்பது எதையும் நிரூபிக்காது.

கழுத்தை விட்டுவிட்டு இடுப்புப் பக்கம் உள்தையலில் இருக்கும் சின்னச் சீட்டைத் தேடுங்கள். துவைக்கும் முறை அச்சிட்ட கேர் லேபிள் அது. ஐரோப்பாவுக்குத் தைத்ததானால் ஐந்தாறு மொழிகளில் துணியின் கலவை எழுதியிருக்கும்; ஸ்டைல் எண், ஆர்டர் எண் இருக்கும். அமெரிக்காவுக்குப் போக வேண்டியதானால் பெரும்பாலும் ‘ஆர்.என்.’ என்று தொடங்கும் ஓர் எண் இருக்கும். அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் அங்குள்ள நிறுவனங்களுக்குக் கொடுக்கும் பதிவு எண் அது. ஆணையத்தின் இணையதளத்தில் எண்ணைப் போட்டால் எந்த நிறுவனம் என்று இலவசமாகக் காட்டும். சட்டையில் ஒரு பெயர், எண்ணுக்கு வேறு பெயர் என்றால் கதை தெரிந்துவிடும். (கம்பெனிகள் கைமாறுவதுண்டு, அதை வைத்து மட்டும் முடிவு கட்டிவிடக் கூடாது.) குழந்தை உடுப்பில் 98, 104, 116 என்று எண்கள் இருந்தால் குழம்ப வேண்டாம். ஐரோப்பாவில் குழந்தையின் உயரத்தைச் சென்டிமீட்டரில் சொல்லித்தான் சைஸ் போடுகிறார்கள். ‘3–4 வயது’ என்று மட்டும் போட்ட ‘ஜெர்மனி சர்ப்ளஸ்’ சற்று யோசிக்க வைக்க வேண்டும்.

சமையலறைத் தராசு போதும்

பார்சல் வந்துவிட்டது. இனி திரை இல்லை, கை இருக்கிறது.

திருப்பூரில் துணியின் தரத்தைப் பேசத் தொடங்கும் சொல் ஜி.எஸ்.எம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. கம்பெனியில் வட்டக் கட்டர் ஒன்று இருக்கும். சரியாக 100 சதுர சென்டிமீட்டர் வெட்டும். அந்தத் துண்டு 1.8 கிராம் என்றால் துணி 180 ஜி.எஸ்.எம். வீட்டில் சட்டையை வெட்ட வேண்டியதில்லை. எல் சைஸ் அரைக்கை ரவுண்ட் நெக் ஒன்றில் ஏறக்குறைய 0.9 சதுர மீட்டர் துணி இருக்கும். 180 என்று விளம்பரம் செய்தது உண்மையானால் முழு டி-ஷர்ட்டும் சுமார் 160 கிராம் நிற்க வேண்டும். மளிகைச் சாமான் நிறுக்கும் எலெக்ட்ரானிக் தராசில் மடித்து வையுங்கள். 115 கிராம் காட்டினால் உங்களிடம் வந்தது 130 ஜி.எஸ்.எம். வெயிலுக்கு அது சுகம்தான்; ஆனால் 180-க்கு உண்டான காசைக் கொடுத்திருக்கிறீர்கள். காரணம் எளிது. பனியன் துணி மீட்டரில் அல்ல, கிலோவில் விற்கிறது. கட்டிங் கழிவும் சேர்த்து, 180-இல் கிலோவுக்கு ஐந்து டி-ஷர்ட் கிடைத்தால் 130-இல் ஏழு கிடைக்கும்.

அளவும் பொய் சொல்லும். சாயப்பட்டறையிலிருந்து வந்த துணியைக் காம்பாக்டிங் மெஷினில் போட்டு நெருக்கி, சுருக்கத்தை முன்கூட்டியே எடுத்துவிடுவது முறையான வேலை. அதை அரைகுறையாகச் செய்தோ, துணியை இழுத்துப் பிடித்தோ வெட்டினால் கிலோவுக்கு இன்னும் ஒரு பீஸ் கிடைக்கும். வாங்கும் அன்று அளவு சரியாக இருக்கும். முதல் சலவையில் நீளம் தொப்புள் வரை ஏறும். ஆகவே போடுவதற்கு முன் ஒன்று செய்யலாம்: முன்பக்கத்தில் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் சரியாக 40 சென்டிமீட்டர் அளந்து நூலால் அடையாளம் வைத்து, துவைத்துக் காயவைத்து மறுபடி அளக்க வேண்டும். 38-க்குக் கீழே போனால் 5 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. பெரும்பாலான பையர்கள் வாங்க மாட்டார்கள். அதே சலவையில் பக்கத் தையல் நேராக இருக்கிறதா, தொப்புளைப் பார்த்து வளைந்து வருகிறதா என்றும் தெரியும். சிங்கிள் ஜெர்சி துணி இயல்பிலேயே கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். நூலில் முறுக்கு அதிகமிருந்து, ஃபினிஷிங்கில் கவனமும் இல்லையென்றால் நிறைய முறுக்கிக்கொள்ளும். ஒரு முறை துவைத்த பிறகு ரிட்டர்ன் எடுக்க மாட்டார்களே என்பீர்கள். உண்மை. அதனால்தான் ஐந்து வாங்க நினைத்த இடத்தில் முதலில் ஒன்று வாங்க வேண்டும்.

மிருதுவைப் பார்த்து மயங்குவதுதான் பெரும்பாலோர் விழும் குழி. மிருது இரண்டு விதத்தில் வரும். கோம்ப்டு நூலில், அதாவது குட்டை இழைகளைச் சீவி எடுத்த நூலில், ஒரு மிருது உண்டு. பயோ-வாஷ் என்ற என்சைம் சலவையில் துணியின் மேற்பரப்புப் பிசிறு நீங்கி ஒரு வழவழப்பு வரும். இவை பல சலவைக்கு நிற்கும். இன்னொன்று, அப்படிச் சீவாத கார்டட் நூல் துணியில் சிலிகான் சாஃப்ட்னரை ஏற்றி வாங்குவது. கடையில் தொட்டால் வெண்ணெய். நாலைந்து சலவையில் முரடாகி, அக்குளில் பொடிப் பொடியாக உருண்டை கட்டும். கையால் இரண்டையும் பிரித்தறிய வெளிச்சம் உதவும்: துணியைத் தூக்கிப் பார்த்தால் கோம்ப்டு துணியில் வரிசைகள் சீராக இருக்கும், மற்றதில் அங்கங்கே மேகம் போலத் திட்டும் முடிச்சும் தெரியும். இங்கே ஆன்லைன் விமர்சனங்களின் பலவீனமும் இருக்கிறது. ஐந்து நட்சத்திரம் கொடுப்பவர் பார்சல் பிரித்த அன்றே கொடுத்துவிடுகிறார். விமர்சனங்களில் ‘வாஷ்’ என்ற சொல்லைத் தேடி, துவைத்த பின் எழுதியவர்களை மட்டும் படிப்பது பயன் தரும்.

காட்டனா என்று பார்க்க நெருப்பு வைப்பது எல்லோருக்கும் தெரியும். உள் மடிப்பிலிருந்து இரண்டு நூலை உருவிப் பற்றவைத்தால் பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் கடினமான மணியாக உருளும். தெரியாத விஷயம், விஸ்கோஸும் பருத்தி போலவேதான் எரியும் என்பது. அதனால் மணி விழுந்தால் பொய் உறுதி; விழாவிட்டால் உண்மை உறுதியாகாது. விளம்பரத்தில் ‘காட்டன் ஃபீல்’, ‘காட்டன் பிளெண்ட்’ என்றெல்லாம் எழுதியிருந்தால் நெருப்புப் பெட்டியைத் தேடவே வேண்டாம், அவர்களே சொல்லிவிட்டார்கள்.

சாயத்துக்கு வெள்ளைக் கைக்குட்டை. நனைத்துப் பிழிந்து, சட்டையின் உள்மடிப்பில் பத்து முறை அழுத்தித் தேய்த்தால் போதும். அடர்ந்த சிவப்பு, நேவி, கறுப்பு கொஞ்சம் ஒட்டுவது சகஜம். கைக்குட்டையே நிறம் மாறினால் அது சாயம் போட்ட பின் சரியாக அலசாத துணி. திருப்பூரில் இதற்கு ஒரு பின்கதை உண்டு. நொய்யல் ஆற்றில் கழிவு கலந்த வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத சுத்திகரிப்பு முறையோடுதான் அவற்றைத் திறக்க முடிந்தது. அப்படியென்றால் சாயத் துணியை ஒவ்வொரு முறை அலசும் தண்ணீருக்கும் சுத்திகரிப்புச் செலவு உண்டு. செலவைக் குறைக்க நினைப்பவருக்கு ஓர் அலசைக் குறைப்பதுதான் கண்ணுக்குத் தெரியாத வழி. அந்தத் தண்ணீர் உங்கள் வீட்டு வாளியில் சிவப்பாக வரும். பைசா கணக்கில் மிச்சம் பிடித்தது உங்கள் வெள்ளை வேட்டியோடு சேர்த்துக் கழுவப்படுகிறது.

பெல்ட்டும் பர்ஸும்

டி-ஷர்ட்டோடு கூட்டு ஆஃபராக வரும் தோல் சாமான்களிலும் இதே விளையாட்டுத்தான். ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் உள்ள மாநிலம் இது. மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் சென்னை அடையாறில் இருக்கிறது. இருந்தும் ‘ஜெனியூன் லெதர்’ என்ற இரண்டு சொல்லில் ஏமாறுகிறோம். தோலை மேலும் கீழுமாகப் பிளந்தால் மேல்தட்டுதான் உறுதியானது. கீழ்த்தட்டின் மேல் பிளாஸ்டிக் பூச்சு ஏற்றி விற்றாலும் அதுவும் ‘ஜெனியூன்’தான். ‘பாண்டட் லெதர்’ என்பது தோல் தூளையும் துண்டுகளையும் பசையில் ஒட்டிய தகடு. ஓராண்டு போனால் மேல்பூச்சு செதில் செதிலாக உரியும். பெல்ட்டின் முன்பக்கத்தைப் பார்ப்பது வீண். துளையின் விளிம்பையும் வெட்டிய ஓரத்தையும் பார்க்க வேண்டும்: ஒரே நாரடுக்காக இருந்தால் தோல், சாண்ட்விச் போல அடுக்கு தெரிந்தால், நடுவில் அட்டையோ துணியோ இருந்தால், 90 சதவீதத் தள்ளுபடியும் அதிக விலைதான். ஓரத்தில் கனமாகப் பெயின்ட் அடித்து மறைத்திருந்தால் எதற்காக மறைத்தார்கள் என்று கேட்டுக்கொள்ளலாம்.

மூட்டை வாங்குபவர்கள்

இதில் அதிகம் அடிபடுபவர்கள் தமக்கு ஒன்று வாங்குபவர்கள் அல்லர். வீட்டிலிருந்தபடியே வாட்ஸ்அப்பில் விற்கலாம் என்று 50 பீஸ், 100 பீஸ் பண்டலுக்கு முன்பணம் அனுப்பும் பெண்களும் வேலை தேடும் இளைஞர்களும். வீடியோவில் மேலே அடுக்கிக் காட்டியது லாட். வருவது மிக்ஸ், அடியில் செகண்ட்ஸ். சட்டமும் இவர்களுக்குக் கை கொடுப்பதில்லை. மறுவிற்பனைக்காக வாங்குபவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகக் கருதாது. தமக்கென்று வாங்குபவருக்கு மட்டும், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்று 2020-இன் மின்வணிக விதிகள் சொல்கின்றன. 1915 என்ற உதவி எண் உண்டு. பார்சல் பிரிக்கும் வீடியோ கையில் இருந்தால் புகாருக்குப் பலம். பண்டல் வாங்குபவர் ரயில் டிக்கெட் போட்டுக் காதர்பேட்டைக்கே வந்து, மூட்டையின் நடுவில் கைவிட்டு உருவிப் பார்ப்பதுதான் மலிவு. வர முடியாவிட்டால் வீடியோ காலில், அவர் காட்டும் பீஸை விட்டு நீங்கள் சொல்லும் பீஸைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

ஒரு விஷயம் மட்டும் இந்த ஊரின்மேல் எனக்குக் குறையாகவே இருக்கிறது. இங்கே ஒரு வெளிநாட்டு ஆர்டர் போகும்போது, கூடவே ஒரு டெஸ்ட் ரிப்போர்ட் போகிறது. கலவை எத்தனை சதவீதம், ஜி.எஸ்.எம். எவ்வளவு, சுருக்கம் எவ்வளவு, சாயம் ஈரத்தில் ஒட்டுமா, தடைசெய்யப்பட்ட அசோ சாயம் இருக்கிறதா என்று எல்லாம் அதில் இருக்கும். அதே லாட்டின் மிச்சம் உள்ளூருக்கு வரும்போது ரிப்போர்ட் கம்பெனி ஃபைலில் தங்கிவிடுகிறது. துணி மட்டும் மூட்டையாக வெளியேறுகிறது. அந்தத் தாளில் பையர் பெயரை மறைத்துவிட்டு ஒரு போட்டோ எடுத்து விற்பனைப் படத்துக்குப் பக்கத்தில் போட யாருக்கும் காசு செலவாகாது. மான்செஸ்டர்க்காரருக்குக் கொடுக்கும் கணக்கை மணப்பாறைக்காரருக்கும் கொடுக்க முதலில் முன்வரும் கம்பெனி எது என்று பார்க்கலாம்.